ஒட்டும்போது தொலையும் 13: எக்செல், பைதான், ஆர், மாட்லாப்… எதில் வரி முடிவு பத்திரம்?

நோட்பேடில் மூன்று வரி அடியுங்கள்: மதுரை, தேனி, கரூர். வரிக்கு ஒரு பெயர். கடைசிப் பெயருக்குப் பிறகு என்டர் தட்ட வேண்டாம். யூனிகோட் கணக்கில் மதுரை 5, தேனி 4, கரூர் 5. புள்ளி, கொம்பு, சுழி எல்லாமே அங்கே தனி எழுத்து. மொத்தம் 14, நடுவில் இரண்டு வரி முடிவு. இதை அப்படியே காப்பி செய்து கணக்கு மென்பொருள்களில் ஒட்டி நீளம் கேட்டால் ஒன்று 16 என்கும், இன்னொன்று 18 என்கும், வேறொன்று மூன்று துண்டாகப் பிரித்து 5, 4, 5 என்கும். யாரும் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத எழுத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது, அவ்வளவுதான்.

அந்த எழுத்துகள் இரண்டு. 13 என்பது கேரேஜ் ரிட்டர்ன், 10 என்பது லைன் ஃபீட். டெலிடைப் இயந்திரத்தில் 13 வந்தால் அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்பும். 10 வந்தால் தாள் ஒரு வரி நகரும். இரண்டும் தனித்தனி வேலை என்பதால் இரண்டு எண். விண்டோஸ் இன்றும் 13, 10 என்று ஜோடியாக வைக்கிறது. லினக்ஸும் இன்றைய மேக்கும் 10 மட்டும். மேக் ஓஎஸ் 9 வரையிலான பழைய மேக் 13 மட்டும். இந்தக் கட்டுரையில் இவற்றை எண்ணாலேயே கூப்பிடுகிறோம். பெயரைவிட எண் குழப்பாது. கட்டளைப் பெயர்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம், கணினியில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

13 போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பத்தில் எட்டு வேலைக்கு ஒன்றும் ஆகாது, போனதே நல்லது. ஆனால் ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா-256 என்ற கைரேகை எண்ணைச் சரிபார்க்கும்போது ஒரே ஒரு 13 குறைந்தாலும் விடை முழுதாக மாறிவிடும். எச்டிடிபி தலைப்பு வரிகள், மின்னஞ்சல் நெறிமுறை, நாட்காட்டிக்கான ஐகேலண்டர், தொடர்பு விவரத்துக்கான வீகார்ட் எல்லாம் 13, 10 ஜோடியை விதியாகவே கேட்கின்றன. சீரியல் போர்ட்டில் பேசும் பல அளவுக் கருவிகளும் கட்டளையின் வாலில் 13 இருந்தால்தான் காது கொடுக்கும். மொழித் தரவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம்: 'இந்தச் சொல் இத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது' என்று குறித்து வைத்திருப்பார்கள். வரிக்கு ஒரு 13 உதிர்ந்தால் ஆயிரமாவது வரி தொடங்கும் இடம் 999 எழுத்து முன்னால் வந்துவிடும். குறித்ததெல்லாம் வேறு சொல்லின் மேல் போய் உட்காரும்.

ஆகவே இங்கே எடைபோடுவது இதைத்தான்: ஒட்டியதை ஒட்டியபடி வைத்துக்கொள்கிறதா, இல்லையென்றால் அதைக் கண்டுபிடிக்க வழி விடுகிறதா.

முதலில் கிளிப்போர்டைக் கேளுங்கள்

மென்பொருளைத் திட்டுமுன் கிளிப்போர்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் கிளிப்போர்டின் வெறும் உரை வடிவத்துக்கு மைக்ரோசாஃப்ட் எழுதி வைத்திருக்கும் விதி, ஒவ்வொரு வரியும் 13, 10 ஜோடியில் முடிய வேண்டும், உரையின் இறுதியில் 0 வர வேண்டும் என்பது. விதியை மதிக்கும் எடிட்டர், கோப்பில் 10 மட்டும் இருந்தாலும் காப்பி செய்யும்போது 13 சேர்த்துவிடும். அதாவது லினக்ஸிலிருந்து வந்த கோப்பைத் திறந்து காப்பி எடுத்தாலே வரி முடிவு மாறியிருக்கலாம். மூலக் கோப்பில் இருப்பதும் கிளிப்போர்டில் இருப்பதும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது.

பார்க்கும் வழி எளிது. பவர்ஷெல்லில் கெட்-கிளிப்போர்டு கட்டளையை ரா என்ற சுவிட்சுடன் கொடுத்து, விடையைக் குழாய் குறி வழியாக ஃபார்மேட்-ஹெக்ஸுக்கு அனுப்புங்கள். விடை பதினாறடி எண்ணில் வரும், அதில் 13 என்பது 0டி, 10 என்பது 0ஏ. 0டி, 0ஏ என்று அடுத்தடுத்து வந்தால் ஜோடி இருக்கிறது. 0ஏ மட்டும் வந்தால் 13 இல்லை. ரா சுவிட்சை விட்டுவிட்டால் பவர்ஷெல் வரிவரியாகப் பிரித்த பட்டியலைத் தரும், வரி முடிவே போய்விடும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழைய 5.1 பதிப்பில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிக்கான 3எஃப் ஆகத் தெரியும். நமக்கு வேண்டிய 13, 10 சரியாகவே தெரியும் என்பதால் பரவாயில்லை. மேக்கில் பிபிபேஸ்ட் கட்டளையை எக்ஸ்எக்ஸ்டிக்கு அனுப்பினால் போதும். லினக்ஸில் எக்ஸ்கிளிப்; அதன் புதிய திரை அமைப்பான வேலண்டில் டபிள்யூஎல்-பேஸ்ட். இந்தக் கடைசிக் கருவி தன் பங்குக்கு இறுதியில் ஒரு 10 சேர்த்துவிடும், அதைத் தடுக்க நோ-நியூலைன் என்ற தேர்வு இருக்கிறது.

எக்செல்: வேலைக்கு வசதி, பத்திரத்துக்கு இல்லை

எக்செலில் ஒட்டுவதற்கு இரண்டு வாசல். கட்டத்தைத் தேர்ந்து நேரே ஒட்டினால் வரிக்கு ஒரு வரிசையாக விழும், தாவல் (டேப்) இருந்தால் நெடுக்குப் பத்திகளாகப் பிரியும். மதுரை, தேனி, கரூர் மூன்று கட்டத்தில் போய் உட்காரும். வரி முடிவு எல்லை பிரிக்கப் பயன்பட்டு மறைந்துவிடும். எஃப்2 அழுத்தியோ ஃபார்முலா பட்டையில் சொடுக்கியோ ஒட்டினால் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் போகும், நீளம் 16. ஆல்ட்+என்டர் போட்டு நீங்களே வரி உடைத்தாலும் எக்செல் வைப்பது 10 மட்டுமே. ஒட்டிய உரை ஒரே வரியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். 'வ்ராப் டெக்ஸ்ட்' அணைந்திருக்கும், எழுத்து உள்ளே இருக்கும்.

ஒரே கட்டத்தில் 253 லைன் ஃபீட் வரைதான் என்றும், 32,767 எழுத்து வரைதான் என்றும் எக்செலின் வரம்புப் பட்டியல் சொல்கிறது. நீண்ட பதிவேட்டை ஒரே கட்டத்தில் திணிக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும்போது எக்செல் மேற்கோள் குறியையும் படிக்கிறது. ஒரு துண்டின் முதல் எழுத்தே இரட்டை மேற்கோளாக இருந்தால், மூடும் மேற்கோள் வரும்வரை அத்தனை வரியையும் ஒரே கட்டத்துக்குள் விழுங்கும். மூடும் குறி விட்டுப்போயிருந்தால் நூறு வரி ஒட்டி நாற்பது வரிசைதான் வந்தது என்ற புகார் எழும். வரிசை எண்ணிக்கை குறைந்தால் முதலில் தேட வேண்டியது ஒற்றையாக நிற்கும் மேற்கோள் குறியைத்தான்.

இதே பழக்கம் வெளியே போகும்போதும் உண்டு. உள்ளே வரி உடைந்த கட்டத்தைக் காப்பி செய்தால், கட்டத்தின் உரை மேற்கோளுக்குள் போகும்; உள்ளே இருக்கும் உடைப்பு 10, வரிசையின் முடிவு 13, 10. சிஎஸ்வி ஆக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக, சேமித்தாலும் இதே கலவைதான். இது குறையல்ல, தெரிந்தவருக்கு வரம். 10ஐ மட்டும் பார்த்து வெட்டும் நிரல் முகவரிக் கட்டத்தை நடுவில் பிளந்துவிடும். மேற்கோளைப் படிக்கத் தெரிந்த சிஎஸ்வி படிப்பான் கையில் கொடுத்தால் ஒரு சிக்கலும் வராது.

ஒட்டுவதால் எக்செலுக்குள் 13 நுழைவது அரிது. தரவுத்தள ஏற்றுமதி, மேக்ரோ, வேறு நிரல் எழுதிய கோப்பு இவற்றின் வழியாகத்தான் வரும். வந்துவிட்டால், பொருந்தும் கட்டத்தைத் தேடும் வீலுக்கப் 'கிடைக்கவில்லை' என்று #என்/ஏ காட்டும். இரண்டு கட்டத்திலும் மதுரை என்றே தெரியும், ஆனால் நீளம் சொல்லும் லென் ஒன்றில் 5, மற்றொன்றில் 6. உறுதி செய்ய =கோட்(ரைட்(ஏ1,1)) போடுங்கள், விடை 13 என்றால் ஆள் அகப்பட்டான். எத்தனை இருக்கிறது என்று எண்ண =லென்(ஏ1)-லென்(சப்ஸ்டிட்யூட்(ஏ1,சார்(13),"")). ட்ரிம் இதை நீக்காது, அது இடைவெளியை மட்டும்தான் தொடும். க்ளீன் நீக்கும், ஆனால் 0 முதல் 31 வரை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். 10ம் போய்விடுவதால் 'மதுரைதேனிகரூர்' என்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே சப்ஸ்டிட்யூட் கொண்டு சார்(13)ஐ மட்டும் எடுப்பதுதான் சரி. கைவேலையாக 10ஐத் தேட, ஃபைண்ட் பெட்டியில் கன்ட்ரோல்+ஜே அழுத்துங்கள். பெட்டி காலியாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே 10 இருக்கும். அடுத்த முறை தேடுமுன் அதை அழிக்க மறந்தால் எதைத் தேடினாலும் கிடைக்காது.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பை வேறு நிரலால் திறந்தால் சொல்லின் வாலில் அண்டர்ஸ்கோர்கள் நடுவே 'எக்ஸ்000டி' என்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது குப்பையல்ல, 13ஐ எக்ஸ்எம்எல்லுக்குள் பத்திரப்படுத்த எக்செல் வைக்கும் அடையாளம். புதிய பதிப்பில் டெக்ஸ்ட்ஸ்பிளிட் இருப்பதால் ஒரே கட்டத்தில் ஒட்டிய உரையை =டெக்ஸ்ட்ஸ்பிளிட்(ஏ1,,சார்(10)) என்று வரிசைகளாகப் பிரிக்கலாம். நடுவில் இரண்டு காற்புள்ளி வருவதைக் கவனியுங்கள். ஒன்று போட்டால் குறுக்காகப் பிரியும்.

லிப்ரேஆஃபிஸ் கால்க் இதைவிட நேர்மையானது. பல வரி வெறும் உரையை ஒட்டினால் இறக்குமதிப் பெட்டியைத் திறந்து, எதை வைத்துப் பிரிக்கட்டும், மேற்கோளை எப்படி எடுக்கட்டும் என்று கேட்கிறது. அவசரத்தில் எரிச்சலாக இருக்கும், ஆனால் கேட்காமல் செய்பவனைவிடக் கேட்டுச் செய்பவன் மேல். கட்டத்துக்குள் வரி உடைக்க இதில் கன்ட்ரோல்+என்டர். கூகுள் ஷீட்ஸில் கட்டத்தை இருமுறை சொடுக்கி ஒட்டினால் ஒரே கட்டம், சொடுக்காமல் ஒட்டினால் பல வரிசை.

பைதானும் ஜூபிட்டரும்: மூன்று இடத்தில் 13 உதிரும்

உலாவியில் பைதானை ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கின் செல்லில் மூன்று மேற்கோள் போட்டு நடுவில் ஒட்டுவது எல்லோரும் செய்வது. நீளம் 16 வரும், 18 வரவே வராது. முதலில் உலாவிக்குள் இருக்கும் எடிட்டர் ஒட்டிய உரையை வரிகளாக உடைத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. திரும்பச் சேர்க்கும்போது 10தான் போடுகிறது. நோட்புக் கோப்பிலும் அப்படியே பதிவாகிறது. எடிட்டரைத் தாண்டி, 13, 10 வைத்துச் சேமித்த .பிஒய் கோப்பை நேரே ஓட்டினாலும் பைதான் தன் நிரலைப் படிக்கும்போதே எல்லா வரி முடிவையும் 10 ஆக்கிவிடும், மூன்று மேற்கோளுக்குள் இருப்பதும் சேர்த்து. இது பிழையல்ல, மொழியின் விதி. அதனால் 13 வேண்டுமென்றால் பேக்ஸ்லாஷ் ஆர் என்று எழுத்தில் எழுதத்தான் வேண்டும். ஒட்டி வாங்க முடியாது.

மூன்றாவது இடம் கோப்பு. ஓப்பன் கட்டளை உரை வடிவில் படிக்கும்போது 13, 10ஐயும் தனி 13ஐயும் 10 ஆக மாற்றித் தரும். தடுக்க நியூலைன் என்ற அளவுருவுக்கு வெற்றுச் சரம் கொடுக்க வேண்டும், அல்லது பைட்டாகவே படிக்க வேண்டும். நம் மூன்று ஊர்ப் பெயர்க் கோப்பு, யூனிகோட் எழுத்தைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட் வீதம் 42, கூடவே வரி முடிவு: விண்டோஸ் வழக்கப்படி 46, லினக்ஸ் வழக்கப்படி 44. கோப்பு அளவைப் பார்த்தே விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

நியூலைனை வெற்றாக வைத்துப் படித்துவிட்டு, எழுதும்போது அதைக் கொடுக்க மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு. விண்டோஸில் எழுதும்போது ஒவ்வொரு 10ம் 13, 10 ஆகும். ஏற்கெனவே 13 இருப்பதால் கோப்பில் 13, 13, 10 என்று விழும். எக்செலில் திறந்தால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை காலி. சிஎஸ்வி தொகுதியை விண்டோஸில் பயன்படுத்தும் பாதிப் பேர் கேட்கும் 'ஏன் நடுவில் காலி வரி' என்ற கேள்விக்கு இதுதான் பதில்: படிக்கும்போதும் எழுதும்போதும் நியூலைன் வெற்றுச் சரமாக இருக்க வேண்டும்.

கிளிப்போர்டிலிருந்து நேரே எடுப்பதுதான் பைதானில் நல்ல வழி. பைபர்கிளிப் தொகுதியின் பேஸ்ட் செயற்கூறு விண்டோஸில் கிளிப்போர்டில் இருப்பதை இருந்தபடி தரும், நீளம் 18. டிகே-இன்டர் வழியாகக் கிளிப்போர்டு-கெட் செய்தால் 16தான். டிகே விண்டோஸில் 13ஐத் தானாகவே கழற்றிவிடுகிறது. இரண்டும் ஒரே கிளிப்போர்டைத்தான் படிக்கின்றன, விடை மட்டும் வேறு. இன்னொன்று, நிரலை ஓட்டும் பகுதியான கர்னல் உங்கள் கணினியில் ஓடினால்தான் இது நடக்கும். கோலாப் போல எங்கோ இருக்கும் சர்வரில் ஓடினால் உங்கள் கிளிப்போர்டு அதற்கு எட்டாது. அங்கே கோப்பாக ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

பைபர்கிளிப் கொடுத்த உரையை ஸ்பிளிட் போட்டு 10இல் வெட்டினால் 'மதுரை' கூட ஒரு 13, 'தேனி' கூட ஒரு 13, 'கரூர்' மட்டும் சுத்தம். பட்டியலில் தேடினால் கடைசி வரி மட்டும் பொருந்தும், மற்றதெல்லாம் இல்லை என்று வரும். இந்த அறிகுறியைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், 13தான். அச்சிட்டுப் பார்த்தால் இன்னும் குழம்பும்: 13 வந்ததும் கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போய்விடுவதால், பெயருக்குப் பின் நீங்கள் அச்சிட்ட எண் பெயரின் மேலேயே எழுதிவிடும். டெர்மினலிலும் அப்படித்தான், ஜூபிட்டர் விடைப்பகுதியிலும் அப்படித்தான். ஆகவே பிரின்ட்டை நம்பாதீர்கள், மறைந்த எழுத்தையும் எழுதிக் காட்டும் ரெப்ர் போட்டுப் பாருங்கள். எண்ணாக மாற்றும் இன்ட் செயற்கூறு 13ஐ இடைவெளியாக எண்ணிக் கண்டுகொள்ளாமல் விடுவதால் எண் பத்தியில் பிழை தெரியாது, பெயர்ப் பத்தியில்தான் வெடிக்கும். உரையில் வடிவம் தேடும் ரெகெக்ஸில் டாலர் குறி உரையின் முடிவிலோ 10க்கு முன்போதான் பொருந்தும்; இலக்கம் முடிந்ததும் டாலர் என்று எழுதிய வடிவம் 13 நடுவில் நின்றால் பொருந்தாது.

வெட்டுவதற்கு ஸ்பிளிட்லைன்ஸ் நல்லதுதான், ஜோடியை ஒரே முடிவாக எடுக்கும். ஆனால் அதற்கு 13, 10 தவிர இன்னும் பல எழுத்து வரி முடிவாகத் தெரியும்: 11, 12, 28 முதல் 30, 133, பிறகு 8232, 8233. இதில் 133 தமிழுக்கென்றே விரித்த வலை. 'அ' என்ற எழுத்து யுடிஎஃப்-8இல் 224, 174, 133 என்ற மூன்று பைட். கோப்பை யாராவது, பைட்டுக்கு ஓர் எழுத்து வீதம் படிக்கும் பழைய குறியீடான லாட்டின்-1 என்று சொல்லித் திறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, மூன்றாவது பைட் தனி எழுத்தாகி 133 என்று நிற்கும். ஸ்பிளிட்லைன்ஸ் அங்கே வரியை வெட்டும். விளைவு: 'அ' வரும் இடங்களில் மட்டும் வரி உடையும், 'ஆ'வில் உடையாது, 'இ'யில் உடையாது. காரணம் தெரியாதவர் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ளலாம். இதே கோப்பை அதன் உறவான விண்டோஸ்-1252 குறியீடு என்று திறந்தால் நிலைமை எவ்வளவோ மேல்: புள்ளிக்குரிய 141ம் உகரக் குறிக்கு உரிய 129ம் அந்தப் பட்டியலில் இல்லாததால் பைதான் முதல் மெய்யெழுத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். சத்தமாக விழுவது சத்தமில்லாமல் கெடுவதைவிட நல்லது. பைட் நிலையிலேயே ஸ்பிளிட்லைன்ஸ் போட்டால் 133இல் வெட்டாது. 13, 10 மட்டும்தான் பார்க்கும். எழுத்துக் குறியீட்டின் மேல் சந்தேகம் இருக்கும்வரை பைட்டாக வெட்டி, பிறகு தமிழாக்குங்கள்.

ஆர்: கேட்டால் எல்லாம் கொடுக்கும்

ஆர் மொழியின் ரீட்லைன்ஸ் 10, 13, ஜோடி மூன்றையும் வரி முடிவாக ஏற்று, முடிவை எறிந்துவிட்டு வரிகளை மட்டும் தரும். விண்டோஸில் ரீட்கிளிப்போர்டும் சாதாரணமாக அப்படித்தான். 5, 4, 5. அட்டவணை வேலைக்கு இதுபோல் சொகுசு வேறில்லை. ஆனால் அதே ரீட்கிளிப்போர்டுக்கு ரா என்பதை உண்மை என்று கொடுத்தால் கிளிப்போர்டின் பைட்டுகளை அப்படியே கையில் வைக்கும். வடிவ எண் 13 என்றால் யூனிகோட் உரை (நம் 13க்கும் இதற்கும் உறவில்லை, பெயர் ஒற்றுமைதான்). எழுத்துக்கு இரண்டு பைட் வைக்கும் யுடிஎஃப்-16 என்பதால் 13, 0, 10, 0 என்று பூஜ்யம் இடையிட்டு வரும். வடிவ எண் 1 என்று கேட்டால் தமிழ் கேள்விக்குறியாகிவிடும். பழைய பதிப்பில் எழுதிய நிரலில் 1 இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கடைசி வரியில் என்டர் இல்லாத உரையை ரீட்.டேபிள் வழியாகக் கிளிப்போர்டிலிருந்து படித்தால் இறுதி வரி முழுமையற்றது என்று எச்சரிக்கை வரும். தரவு முழுதாக வந்திருக்கும், பயமில்லை. எதிர்த்திசையில் ஒரு வரம்பு உண்டு: விண்டோஸில் கிளிப்போர்டுக்கு எழுதும்போது 32 கேபி வரைதான் இயல்பு. பெரிய அட்டவணை பாதியில் அறுந்தால் கிளிப்போர்டு என்ற பெயருடன் கோடிட்டு 128 என்று சேர்த்தால் 128 கேபி கிடைக்கும். எழுத்தைப் பரிசோதிக்க யுடிஎஃப்8-டு-இன்ட் போதும், எண்களை வரிசையாகக் காட்டும். இந்தப் பட்டியலில் ஒட்டும் வேலைக்கு எங்கள் முதல் தேர்வு ஆர்தான், ஒரே கட்டளையில் இரண்டு வழியும் திறப்பதால்.

மாட்லாப், ஆக்டேவ், மேத்தமேட்டிக்கா

மாட்லாபில் மேற்கோளுக்குள் பல வரி ஒட்டவே முடியாது. சரம் ஒரே வரியில் முடிய வேண்டும், இல்லையேல் தொடரிலக்கணப் பிழை. குறை மாதிரித் தெரிந்தாலும் இது நல்லது, தெரியாமல் 13ஐத் தொலைக்க இடமே தராது. கிளிப்போர்டு கட்டளைக்குப் பேஸ்ட் என்று கொடுத்து ஒரு மாறியில் வாங்கி, டபுள் போட்டு எண்ணாக்கிப் பாருங்கள். பார்த்த பிறகே வெட்டுங்கள். 2016பி பதிப்பில் வந்த ஸ்பிளிட்லைன்ஸ் ஜோடியை ஒரே முடிவாக எடுக்கும். அதே பதிப்பில் வந்த நியூலைன் செயற்கூறு 10ஐத் தரும். இரட்டை மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷ் என் எழுதினால் மாட்லாப் அதை இரண்டு எழுத்தாகவே வைத்துக்கொள்ளும்; ஆக்டேவ் அதே இடத்தில் 10 ஆக்கிவிடும். ஒன்றில் எழுதி மற்றதில் ஓட்டுபவர்கள் விழும் பள்ளம் இது. ஸ்பிரின்ட்எஃப் வழியாக எழுதினால் இரண்டிலும் ஒரே விடை.

கோப்பு படிப்பதில் மாட்லாபின் எஃப்ஓப்பன் பைதானுக்கு நேர் எதிர்: ஒன்றும் சொல்லாமல் படிக்கத் திறந்தால் பைட் பைட்டாக இருப்பதை இருந்தபடி தரும், டி சேர்த்து உரை வடிவம் என்று சொன்னால்தான் விண்டோஸில் 13ஐக் கழற்றும்.

மேத்தமேட்டிக்காவைப் பற்றிச் சுருக்கமாக: நோட்புக்கில் ஒட்டியதை டு-கேரக்டர்-கோடுக்குக் கொடுத்தால் எண் பட்டியல் வரும், 13 இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். பத்திரமாகக் கொண்டுவர வேண்டிய உரைக்கு நோட்புக் இடமல்ல. பைனரி-ரீட்-லிஸ்ட் கொண்டு கோப்பிலிருந்து பைட்டாக எடுங்கள்.

டெர்மினலில் ஒட்டுபவர்களுக்கு வேறு கதை. அங்கே பல டெர்மினல்கள் ஒட்டும் உரையில் இருக்கும் 10ஐ 13 ஆக மாற்றி அனுப்புகின்றன, நீங்கள் என்டர் தட்டியதுபோல. அதனால்தான் ஐந்து வரி ஒட்டினால் ஐந்தும் உடனே ஓடத் தொடங்கின. டெர்மினலில் அடிக்கும் வரியைக் கையாளும் ரீட்லைன் நூலகத்தின் (ஆரின் ரீட்லைன்ஸ் அல்ல) 8.1 பதிப்பு முதல் அடைப்புக்குறி ஒட்டு முறை இயல்பாகவே இயங்குகிறது: ஒட்டிய உரைக்கு முன்னும் பின்னும் 200, 201 என்ற எண் தாங்கிய குறி வரும், நிரல் அதை ஒரே மூட்டையாக எடுத்துக்கொள்ளும். பைதான் 3.13இன் புதிய உரையாடல் தளமும் இதைப் புரிந்துகொள்கிறது. பழையதில் ஐபைதான் வைத்து, விழுக்காட்டுக் குறியுடன் சிபேஸ்ட் போடுங்கள்.

நடுவில் நிற்கும் எடிட்டர்

பல சமயம் குற்றவாளி கணக்கு மென்பொருளே அல்ல. நோட்பேட்++ பயன்படுத்தும் ஸ்கின்டிலா இயந்திரம், ஒட்டும்போது வரும் வரி முடிவை அந்தக் கோப்பின் வழக்கத்துக்கு மாற்றுவதை இயல்பாக வைத்திருக்கிறது. விஎஸ் கோடும் ஒரு கோப்பில் ஒரே வகை முடிவுதான் வைத்திருக்கும். கலவையான கோப்பைத் திறந்து சேமித்தாலே கலவை போய்விடும். எக்செல் எழுதிய சிஎஸ்வியில் உள்ளே 10, வெளியே 13, 10 என்று இருந்த அருமையான பிரிவினை, விஎஸ் கோடில் ஒரு புள்ளி திருத்திச் சேமித்ததும் தொலையும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் நோட்பேட்++இல் வியூ, ஷோ சிம்பல், ஷோ எண்ட் ஆஃப் லைன் என்று போனால் சிஆர், எல்எஃப் என்று கறுப்புப் பட்டையாகக் காட்டும். இதற்கு இணையான வசதி விண்டோஸில் இலவசமாக வேறெதிலும் இவ்வளவு கைக்கெட்டாது. விண்டோஸின் சொந்த நோட்பேட் 10 மட்டும் உள்ள கோப்பைச் சரியாகக் காட்டக் கற்றுக்கொண்டது 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில்தான். கீழ்ப்பட்டையில் எந்த வகை என்றும் எழுதியிருக்கும். விம் எடிட்டரில் வரி வாலில் தொப்பிக் குறியும் எம்மும் சேர்ந்து தெரிந்தால் அதுதான் 13.

பிடிஎஃபிலிருந்து காப்பி செய்த உரைக்கு இவை எதுவும் பயன்படாது. அங்கே வரும் உடைப்பு பக்கத்தின் அகலம் உடைத்தது, எழுதியவர் உடைத்தது அல்ல. பத்தி எங்கே முடிகிறது என்ற தகவலே பல கோப்புகளில் இருக்காது.

ஒட்டாமல் கோப்பாகவே அனுப்புவது என்று முடிவெடுத்தவர்கள், கோப்பின் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி வழியாக அனுப்பினால் அங்கேயும் ஆட்டோசிஆர்எல்எஃப் என்ற அமைப்பு 13ஐச் சேர்க்கவோ நீக்கவோ செய்யும். ஒரு எழுத்தும் மாறக் கூடாத சோதனைக் கோப்புகளுக்கு .கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் அந்தப் பெயர்களுக்கு நேரே கழித்தல் குறியும் டெக்ஸ்ட்டும் எழுதுங்கள். பிறகு எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை இஓஎல் தேர்வுடன் ஓட்டினால், களஞ்சியத்தில் என்ன முடிவு, உங்கள் வட்டில் என்ன முடிவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.